சித்தூர்த் தமிழ்ப் பள்ளிகளும் "எண்ணிக்கை இல்லை" என்னும் விடையும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் தமிழ்வழி அரசுப் பள்ளிகளைப் பற்றி எவரிடம் கேட்டாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது: "பிள்ளைகள் சேர்வதில்லை, எண்ணிக்கை இல்லை." அலுவலர்கள் சொல்கின்றனர். ஆசிரியர்கள் சொல்கின்றனர். ஆண்டுக்கொருமுறை ஏழுமலையானைச் சேவித்துத் திரும்பும் சென்னைத் தமிழன்பர்களும் பெருமூச்சோடு இதையே சொல்கின்றனர். இவ்விடையை நான் ஏற்கவில்லை. எண்ணிக்கை தானாகக் குறையவில்லை. எண்ணும் முறையால் குறைக்கப்பட்டது. குறைத்தபின் அதையே காரணமாகக் காட்டுகிறார்கள்.

இம்மண்ணின் தமிழர் பிழைப்புத் தேடி வந்து குடியேறியவர்கள் என்று கருதுவோருக்காகச் சில ஆண்டுகளை நினைவூட்டுகிறேன். 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரே சித்தூர்தான். 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சென்றது. படாஸ்கர் பரிந்துரையை ஒட்டிய எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்துக்குப் போனது. சத்தியவேட்டுக்காரர் வீட்டைவிட்டு ஓரடி நகரவில்லை. எல்லைதான் அவர்களைக் கடந்து சென்றது. 2022 ஏப்ரலில் மாவட்டம் மீண்டும் பிரிக்கப்பட்டு, நகரியும் குப்பமும் சித்தூரில் தங்க, சத்தியவேடு திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. சிறுபான்மை இரண்டாகப் பிரிந்தால் ஒவ்வொரு பாதியும் இன்னும் சிறிதாகத் தெரியும் என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரும் வசதிகளை உண்டாக்க ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. அதற்கும் முன்பே, 1949இல் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஓர் அளவுகோலை வகுத்தது: ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ ஒரு பள்ளியில் 40 பிள்ளைகளோ இருந்தால் அம்மொழிக்கு ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும். உரிமையைத் திறந்துவிட எழுதப்பட்ட விதி இது. இன்று அது கதவை அடைக்கும் தாழ்ப்பாளாகிவிட்டது.

எப்படி என்பதை நான் கண்ணால் கண்டேன். களப்பணிக்காக எல்லையோர மண்டலம் ஒன்றின் தொடக்கப்பள்ளியில் சில நாள்கள் அமர்ந்திருந்தேன், பெயரைச் சொல்லப்போவதில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் 'தாய்மொழி' என்னும் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை 'தெலுங்கு' என்றே ஒரே கையெழுத்தில் எழுதியிருந்தது. மணியடித்ததும் அதே பிள்ளைகள் முற்றத்தில் தமிழில் சண்டையிட்டுக்கொண்டிருந்தனர். தலைமையாசிரியரிடம் கேட்டேன். சித்தூர்த் தமிழிலேயே விடை சொன்னார்: "தமிழ்னு எழுதினா தமிழ் வாத்தியார் எங்கேன்னு கேள்வி வரும் தம்பி. தெலுங்குன்னு எழுதிட்டா ஒரு கேள்வியும் வராது." அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன், ஐந்து வகுப்புகளை இருவராகச் சமாளிக்கும் மனிதர். ஆனால் அந்த ஒரு கட்டம்தான் அனைத்தையும் தீர்மானிக்கிறது. கட்டத்தில் தமிழ் இல்லையெனில் கணக்கில் தமிழ்ப்பிள்ளை இல்லை. கணக்கில் பிள்ளை இல்லையெனில் பணியிடம் இல்லை. ஆசிரியர் இல்லாத பள்ளியில் எந்தப் பெற்றோர் தமிழ் கேட்டுப் பிள்ளையைச் சேர்ப்பார்? அடுத்த ஆண்டு எண்ணிக்கை இன்னும் குறையும். ஆந்திர ஆசிரியர் தகுதித் தேர்வில் தமிழ் ஒரு விருப்ப மொழியாக இன்றும் உண்டு. தேறியவர்கள் பணியாற்ற இடங்கள்தாம் பதிவேட்டிலேயே கரைந்துபோகின்றன.

"தெலுங்கும் தமிழும் உடன்பிறந்த மொழிகள்தாமே, குழந்தை தானே பழகிக்கொள்ளாதா?" என்பார்கள். மொழியியல் படித்தவன் என்ற முறையில் இந்த வாதமே எனக்கு மிகுந்த சினத்தை மூட்டுகிறது. நெருக்கம் உதவுவதுபோல் தோன்றி ஏமாற்றும். தமிழில் 'அவசரம்' என்றால் விரைவு. தெலுங்கில் அது தேவை. தமிழில் 'அனுமானம்' ஊகம், தெலுங்கில் ஐயம். "உனக்குப் புத்தகம் அவசரமா?" என்று ஆசிரியை தெலுங்கில் கேட்கும்போது, ஆறு வயதுக் குழந்தை தலையை ஆட்டுகிறது, எதற்கு ஆட்டியது என்று அவருக்கும் தெரியாது. தமிழ் எழுத்தில் ஒரு 'க' போதும். தெலுங்கு எழுத்தில் நான்கு வேண்டும். வீட்டில் வேறுபடுத்திக் கேட்டறியாத ஒலிகளைப் பிரித்தெழுதத் தடுமாறும் குழந்தைக்கு 'மந்தம்' என்று பெயர் சூட்டுகிறார்கள். முற்றிலும் அயலான மொழியென்றால் ஆசிரியர் எச்சரிக்கையோடு இருப்பார். இங்கே புரிந்துவிட்டதென்று நினைத்து அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்.

2019 நவம்பரில் வந்த 81ஆம் அரசாணை எல்லா அரசுப் பள்ளிகளையும் ஆங்கிலவழிக்கு மாற்ற முனைந்தது. தெலுங்கோ உருதோ கட்டாயப் பாடமாக நீடிக்கும் என்று அது உறுதி கூறியது. தமிழுக்கு அந்த வரியில் இடமில்லை. 2020 ஏப்ரலில் ஆந்திர உயர் நீதிமன்றம் அரசாணையை நீக்கியது. ஆனாலும் ஆங்கிலவழி நின்றுவிடவில்லை. ஒரு பக்கம் தெலுங்கு, எதிர்ப்பக்கம் ஆங்கிலம் என இருமொழிப் பாடநூல்கள் வந்தன. நல்ல யோசனைதான். ஆயினும் பதிவேட்டில் தெலுங்கராக்கப்பட்ட தமிழ்க் குழந்தைக்கு இரு பக்கமும் அயல் பக்கங்களே.

பெற்றோர் ஆங்கிலத்தைத்தானே விரும்புகின்றனர்? விரும்புகின்றனர், அதில் பிழையேதும் இல்லை. கூலி வேலை செய்யும் தாய்க்கு மொழிப்பற்றைப் போதிக்கும் தகுதி, தன் பிள்ளையைத் தனியார் ஆங்கிலப் பள்ளியில் படிக்கவைக்கும் எவருக்கும் இல்லை. ஆனால் அவர் முன் வைக்கப்பட்டவை இரண்டே: தமிழில்லாத ஆங்கிலப் பள்ளி, ஆசிரியரில்லாத தமிழ்ப் பள்ளி. இதற்குப் பெயர் தெரிவா? ஆங்கிலவழியிலேயே படிக்கட்டும், தமிழ் ஒரு பாடமாகவேனும் இருக்கட்டும் என்னும் மூன்றாம் வழியை யார் அவரிடம் கேட்டார்கள்?

எண்ணிக்கை உண்மையிலேயே குறைந்த ஊர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சிறிய, பல வகுப்புகள் ஒன்றாய் அமரும் பள்ளியை நடத்தும் வழியை உலகுக்குக் காட்டியதே பழைய சித்தூர் மாவட்டம்தான். மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி வேலியில் உருவான அட்டைவழிக் கற்றல் முறையைக் கற்றுவந்துதான், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் செயல்வழிக் கற்றலைத் தொடங்கின. ஒரே அறையில் பதினைந்து பிள்ளைகள் வெவ்வேறு நிலைகளில் படிப்பது இங்கே கண்டறியப்பட்ட கலை. அதே மண்ணில் பதினைந்து தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் சுமை என்கிறார்கள்.

தமிழ் இம்மாவட்டங்களில் தீண்டத்தகாத மொழியும் அன்று. திருமலையில் மார்கழி முழுவதும் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை ஒலிக்கிறது. தேவஸ்தானம் 'சப்தகிரி' இதழைத் தமிழிலும் வெளியிடுகிறது. குப்பத்தில் 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை இருக்கிறது. பக்தருக்குத் தமிழ் உண்டு, ஆய்வாளனுக்குத் தமிழ் உண்டு, ஆறு வயதுப் பிள்ளைக்கு மட்டும் இல்லை.

இனி நம்மவர்க்கு. வேங்கட எல்லையை மேடைதோறும் முழங்கும் நாம், அவ்வெல்லைக்குள் ஒரு தமிழாசிரியர் பணியிடத்துக்காக எத்தனை மனுக்கள் எழுதினோம்? ஒசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தெலுங்குப் பிள்ளைகள் நம்மிடம் இதையேதான் கேட்கின்றனர். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தால் பத்தாம் வகுப்பில் தம் மொழியில் தேர்வெழுத முடியாமல், உச்ச நீதிமன்றம் சென்று 2023இல் ஓராண்டு விலக்குப் பெற்றார்கள். அங்கே நாம் அளக்கும் படியால்தான் இங்கே நமக்கும் அளக்கப்படுகிறது. இரு மாநிலங்களும் பாடநூல்களையும் ஆசிரியர்களையும் பரிமாறிக்கொள்ள ஓர் உடன்பாடு செய்தால், நகரிக்கும் தளிக்கும் ஒரே நாளில் விடை கிடைக்கும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை உண்டு. ஆந்திரப் பள்ளிகள் சூன் 12 வாக்கில் திறக்கும். நகரி, சத்தியவேடு, குப்பம், சித்தூர்ப் பெற்றோர்க்கு இதைச் சேர்ப்பியுங்கள்: எந்த வழிக் கல்வியில் சேர்த்தாலும், விண்ணப்பத்தின் தாய்மொழிக் கட்டத்தை நீங்களே நிரப்புங்கள். 'தமிழ்' என்று எழுதுங்கள். பதிவேட்டில் அவ்வாறே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பத்துப் பேர் சேர்ந்தால், அந்தப் பட்டியலோடு மண்டலக் கல்வி அலுவலரிடம் எழுத்துவழி மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். மனு எழுதத் துணை வேண்டுவோர் எனக்குச் செய்தி அனுப்பலாம். தெலுங்கிலும் எழுதித் தருகிறேன்.