வன்தட்டு மாற்றிய பிறகு

மலையகத் தமிழரின் வரலாற்றில், ஒரு சான்றிதழ் கைக்கு எட்டாமல் போனதன் விலை பிரஜாவுரிமையாகவே இருந்த காலம் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தவர் என்பதற்கோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்பதற்கோ சான்று கேட்டது; அடுத்த ஆண்டில் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், மணமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் நாட்டில் தொடர்ந்து வசித்ததை நிறுவச் சொன்னது. பிறப்புப் பதிவே ஒழுங்காக நடவாத தோட்டங்களின் லயன் அறைகளில் வாழ்ந்த பலரால் இவற்றை நிறுவ இயலவில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்துவைத்த போதிலும், பிறப்புச் சான்றிதழும் சேமலாப நிதிப் பத்திரமும் பழைய நிழற்படமும் இன்றும் எளிதில் ஈடுசெய்ய முடியாதவையே. பதுளையிலும் பண்டாரவளையிலும் அவை ஸ்கேன் செய்யப்பட்டு வீட்டுக் கணினிகளுக்குள் சேரும்போது, அக்கணினியின் வன்தட்டு பழுதானால் செய்யத்தக்கது எது, தகாதது எது என்பதும் தெரிந்திருக்க வேண்டியதாகிறது.

வீட்டில் ஆவணங்களைச் சேர்த்துவைக்கும் சிறு பெட்டிக் கணினியை, வியாபாரிகள் நாஸ் என்று அழைக்கின்றனர். இதிலுள்ள பல வன்தட்டுகளை ஒரே கொள்கலம் போல இயங்கவைக்கும் முறைக்கு ரெய்ட் என்று பெயர். 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் எழுதிய ஆய்வுக்கட்டுரை வழியாக அப்பெயர் நிலைபெற்றது. ரெய்ட் 1 என்பது ஒரே தரவை இரண்டு தட்டுகளிலும் எழுதுவது. ரெய்ட் 5 என்பது குறைந்தது மூன்று தட்டுகளில் தரவோடு அதன் சரிபார்ப்புக் கணக்கையும் பகிர்ந்து எழுதுவது: முதல் தட்டில் 5, இரண்டாவதில் 7, மூன்றாவதில் அவற்றின் கூட்டுத்தொகை 12 என்றிருந்தால், 7 அழிந்தாலும் 12இலிருந்து 5ஐக் கழித்து அதை மீட்கலாம். உண்மையில் நடப்பது இருமக் கணக்காயினும் அடிப்படை இதுவே. ஒரு தட்டு கழன்ற நிலையிலும் இவ்வாறு இணைந்த தட்டுகளின் தொகுதி தொடர்ந்து இயங்குவதை நலிவு நிலை என்றும், புதிய தட்டில் இழந்ததைக் கணக்கிட்டு எழுதுவதை மறுகட்டுமானம் என்றும் சொல்லலாம்.

பழுதான தட்டைக் கழற்றிப் புதியதைப் பொருத்தியதும் ஆபத்து நீங்கிவிட்டதாகப் பலரும் கருதுகின்றனர். உண்மையில் ரெய்ட் 5 தொகுதியின் வாழ்நாளிலேயே மிக நெருக்கடியான மணித்தியாலங்கள் அப்போதுதான் தொடங்குகின்றன. விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் 4 டெராபைட் தட்டொன்றை நிரப்ப ஏழு மணித்தியாலங்களுக்கு மேல் ஆகும். அதுவரை எஞ்சிய தட்டுகள் அனைத்தும் தொடக்கம் முதல் கடைசி வரை வாசிக்கப்பட வேண்டும். அவை பெரும்பாலும் பழுதான தட்டோடு ஒரே நாளில் வாங்கப்பட்டு, ஒரே அளவு உழைத்தவை. ஆண்டுக்கணக்கில் எவரும் திறவாத கோப்புகள் கிடக்கும் பகுதிகளில் வாசிக்க முடியாத இடங்கள் மறைந்திருந்தால், அவை வெளிப்படுவதும் அந்நேரத்திலேயே.

ஆகவே மறுகட்டுமானம் பாதியில் நின்றாலோ, புதிய தட்டே பழுது என்று அறிவிக்கப்பட்டாலோ, முதல் வேலை நோயறிதலே. வன்தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்துவைக்கும் ஸ்மார்ட் என்னும் பதிவேட்டில் 5ஆம், 197ஆம் எண்களுக்குரிய மதிப்புகள் ஏறுமானால் தட்டின் மேற்பரப்பு சேதமடைந்துவருகிறது என்று பொருள். 199ஆம் எண் மட்டும் ஏறினால் குற்றம் பெரும்பாலும் தட்டினுடையதன்று, அதை இணைக்கும் கேபிளினுடையது. லினக்ஸ் இயங்குதளம் தட்டுகளுக்கு இடும் பெயர்கள் கணினியை அணைத்துப் போடும்போது இடம் மாறக்கூடும் என்பதால், பெயரை நம்பாமல், தட்டின்மேல் ஒட்டியிருக்கும் தொடர் இலக்கத்தைக் கொண்டே அதை அடையாளம் காண வேண்டும். நலிவு நிலையில் நல்ல தட்டைத் தவறாகக் கழற்றிவிட்டால் தொகுதி முழுதும் நின்றுபோகும். ஒரே கொள்ளளவு எழுதப்பட்டிருந்தும் புதிய தட்டு சில பகுதிகள் குறைவாக இருந்தால் தொகுதி அதை ஏற்காது. தடங்களை ஓட்டின்மேல் ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எழுதும் எஸ்எம்ஆர் வகைத் தட்டுகள் நீண்ட எழுத்துவேலையில் மிகவும் தாமதிப்பதால், மறுகட்டுமானத்தின் நடுவே விலக்கப்படுவதும் உண்டு. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் நாஸ் பெட்டிகளுக்கென விற்ற ரெட் வரிசையின் சில தட்டுகள் இவ்வகையின என்பது 2020இல்தான் பலருக்குத் தெரியவந்தது.

நோயறியும் முன் மருந்திடுவதே பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணம். தொகுதியை மீண்டும் புதிதாக உருவாக்கும் கட்டளை, தட்டுகளின் வரிசையோ தரவைப் பிரித்தெழுதும் துண்டின் அளவோ சிறிது மாறினாலும் தரவைக் கண்டெடுக்க முடியாதபடி குழப்பிவிடும்; எனவே அது கைவிடப்பட்ட நிலைக்கே உரியது. ஒவ்வொரு தட்டின் தலைப்பிலும் அது கடைசியாகத் தொகுதியோடு ஒத்திருந்த கட்டத்தைக் காட்டும் நிகழ்வெண் எழுதப்பட்டிருக்கும். அவ்வெண்களை ஒப்பிட்டால் எந்தத் தட்டு முதலில் பின்தங்கியது என்பது தெரியும். அவற்றைக் குறித்துக்கொண்டு, தொகுதி இன்னும் திறக்குமானால் வாசிப்பதற்கு மட்டும் திறந்து, முக்கியமான கோப்புகளை முதலில் வெளியே எடுக்க வேண்டும். திறக்காவிட்டால், நோயுற்ற தட்டை டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருளால் வேறொரு தட்டுக்குப் பிரதியெடுத்து, பிரதியின்மீதே சோதனைகளைச் செய்ய வேண்டும்.

பதுளையும் பண்டாரவளையும் அடங்கிய ஊவாவின் சூழல் இவ்வொழுங்கை இன்னும் கடுமையாக்குகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமின்னல் இங்கு வழக்கமானது. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாடெங்கும் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்களை எட்டியது. ஒழுங்காக அணைக்கப்பட்ட லினக்ஸ் தொகுதி, மறுகட்டுமானத்தைப் பொதுவாக விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் நலிவு நிலையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அறுந்தால் தரவும் சரிபார்ப்புக் கணக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகலாம். ஆதலால் கணினியைத் தானாக அணைக்கத் தெரிந்த யுபிஎஸ் மின்கலப் பெட்டி ஒன்றில்லாமல் மறுகட்டுமானத்தைத் தொடங்குவது விவேகமன்று. பதுளையிலிருந்து கொழும்பு ரயில் பாதையில் சுமார் 290 கிலோமீட்டர் என்பதால், பொருத்தமான தட்டு ஊரில் கிடைக்காவிட்டால் அது வந்துசேரும்வரை நலிந்த தொகுதியை ஓடவிடாமல் அணைத்துவைப்பதே நல்லது.

இவ்வளவு கவனத்துக்குப் பின்னரும் ரெய்ட் காப்பது இயக்கத்தின் தொடர்ச்சியை மட்டுமே. தவறுதலாக அழித்த கோப்பு எல்லாத் தட்டுகளிலும் அந்நொடியே அழிகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் சரிந்த மண் லயன்களை முழுமையாக மூடியது. அத்தகைய இடத்தில் ஒரே கூரையின் கீழுள்ள எத்தனை தட்டுகளும் ஒரு தட்டுக்கே சமம். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவை பணயத்தொகை கேட்கும் தீநிரலால் தாக்கப்பட்டபோது, இணைப்பிலேயே இருந்த காப்புநகலும் உடன் பூட்டப்பட்டதால், சுமார் 5,000 முகவரிகளுக்குரிய மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் மீளவில்லை. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒரு பிரதி வேறிடத்தில் என்னும் பொதுவிதி இத்தகைய அனுபவங்களிலிருந்து பிறந்ததே. ஊரின் மலர்கள், சங்கப் பிரசுரங்கள் போன்ற பொது ஆவணங்களுக்கு, 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் அந்த வேறிடமாகலாம். குடும்பச் சான்றிதழ்களுக்கோ மற்றொரு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் இணைப்பின்றி வைக்கப்பட்ட ஒரு தட்டு போதும். இரண்டு தட்டுகள் ஓடும் பெட்டிக்கு மூன்றாவது ஒன்றை வாங்கப் பணம் இருக்குமானால், அதைப் பெட்டிக்குள் பொருத்துவதைவிட அவ்வாறு வெளியூருக்கு அனுப்பி, ஆண்டுக்கு ஒருமுறை வரவழைத்துக் கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்துப் புதுப்பிப்பதே கூடுதல் பாதுகாப்பு.