குவார்ட்டரில் இருப்பது விஸ்கியா?

ஸ்காட்லாந்தில் சிங்கிள் மால்ட் விஸ்கி என்றால் முளைகட்டிய பார்லியில்தான் காய்ச்ச வேண்டும். ஓக் பீப்பாயில் மூன்று வருஷமாவது ஊற வேண்டும். சட்டம் சார்! ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய் என்றால் உலர்திராட்சை வாசனை தூக்கும். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு ருசி பார்த்து மார்க் போடவே அங்கே ஆட்கள் உண்டு. நம்மால் முடியாதா? 2010-ல் பெங்களூரு அம்ருத் ஷெர்ரி பீப்பாய் விஸ்கி இறக்கிக் காட்டியதே!

திருத்தணிப் பக்கம் மணவூரில் குடிக்கிறவருக்கு என்ன கிடைக்கிறது? பக்கத்துத் திருவாலங்காட்டில் சர்க்கரை ஆலை இருக்கிறது. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகில் காய்ச்சிய ஸ்பிரிட்தான் நம்மூர் மலிவு சரக்கில் பெரும்பாலும் இருக்கிறது. பேர் மட்டும் விஸ்கி! ஐரோப்பாவில் அந்தப் பேரில் விற்கவே விடமாட்டார்கள்.

2003-லிருந்து மதுக்கடை நடத்துவது அரசாங்கத்தின் டாஸ்மாக். குடி கெடுதல் என்று அச்சடிக்கத் தெரிகிறது. எதில் காய்ச்சியது, எத்தனை நாள் ஊறியது என்றும் கொட்டை எழுத்தில் போடட்டுமே! குடிக்காதே என்று சொல்லுங்கள், சரி. விற்கிறவரை எதை விற்கிறோம் என்று சொல்லுங்கள்.