நல்ல பாம்பின் வாயில் புண்!

மகுடி ஊதுகிறது. கூடை திறக்கிறது. நல்ல பாம்பு படம் எடுத்து ஆடுகிறது. பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். வீட்டு அம்மாள் கிண்ணத்தில் பால் கொண்டு வந்து வைக்கிறாள். பாம்பு குடிக்கிறது. எல்லாரும் கும்பிடுகிறார்கள்.

இந்தக் காட்சி முன்போல் இல்லை. ஆனால், அடியோடு மறைந்துவிடவும் இல்லை.

அந்தப் பாம்பின் வாய்க்குள் யாராவது பார்த்தது உண்டா?

பல்லைப் பிடுங்கினால்...

கூடையில் அடைக்கும் முன்பு பாம்பின் நச்சுப் பல்லைப் பிடுங்குகிறார்கள். சிலர் வாயையே நூலால் தைத்துவிடுகிறார்கள். அந்தக் காயத்தில் அழுக்குப் படுகிறது. ஈறு சிவந்து வீங்குகிறது. தயிர்க் கட்டி போல மஞ்சள் சீழ் திரளுகிறது. வாய் சரியாக மூடாது. பாம்பு இரை எடுக்காது. கவனிக்காமல் விட்டால் புண் தாடை எலும்பை அரிக்கும். நுரையீரலுக்கும் பரவும். பிறகு சாவுதான்!

பிடுங்கிய பல் மீண்டும் முளைக்கும். பின்னால் மாற்றுப் பற்கள் காத்திருக்கின்றன. ஆகவே, பல் பிடுங்கிய பாம்பை நம்பக் கூடாது.

பாலும் அதற்கு உணவு அல்ல. எலி, தவளைதான் அதன் உணவு. தண்ணீர் காட்டாமல் பல நாள் தவிக்கவிட்டால், தாகத்துக்கு எதையும் குடிக்கும். பால் அதற்குச் செரிக்காது. புண்ணியம் என்று நினைத்து நாம் செய்வது பாவமாக முடிகிறது.

வைத்தியம் உண்டா?

உண்டு. அமெரிக்கா, இங்கிலாந்து நாடுகளில் சிலர் விஷம் இல்லாத பாம்புகளை வீட்டில் வளர்க்கிறார்கள். அவற்றுக்கும் இந்த வாய்ப்புண் வருகிறது. கண்ணாடிப் பெட்டியில் மூக்கை மோதிக்கொள்வதும், அழுக்கும், குளிரும் காரணம்.

பாம்புக்கு நம்மைப் போல உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. வெளிச் சூட்டை வாங்கித்தான் வாழ்கிறது. குளிரில் கிடந்தால் நோயை எதிர்க்கும் சக்தி குறைந்துவிடும். எனவே கால்நடை டாக்டர் சீழை அகற்றி, மருந்தால் கழுவி, ஊசி போடுவதோடு நிற்பதில்லை. பெட்டியைச் சுத்தமாகவும் வெதுவெதுப்பாகவும் வைக்கச் சொல்கிறார். குணமாக வாரக் கணக்கில் ஆகலாம்.

அழுக்குக் கூடையில் கிடக்கும் நம் ஊர்ப் பாம்புக்கு இதில் எது கிடைக்கிறது?

நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு முதலியவற்றைப் பிடித்து வைத்திருப்பதை 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. நோயுற்ற பாம்பைக் கண்டால் அதன் அருகே போகாதீர்கள். மஞ்சள் பூசத் துணியாதீர்கள். வன இலாகாவுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

வயிற்றுக்கு என்ன வழி?

"பாம்பாட்டியும் பிழைக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவரைக் கல்லால் அடித்து விரட்டுவது பதில் ஆகாது.

மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் பதில் இருக்கிறது. 1978-ம் ஆண்டு இருளர்கள் அங்கே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அனுமதி பெற்றுப் பாம்பு பிடிக்கிறார்கள். பல்லைப் பிடுங்காமல் விஷத்தை மட்டும் எடுக்கிறார்கள். பிறகு பாம்பைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் கொண்டு பாம்புக்கடி மருந்து தயாராகிறது. பாம்பும் பிழைக்கிறது, பிடித்தவரும் பிழைக்கிறார், கடிபட்டவரும் பிழைக்கிறார்!

பாம்பை அறிந்த கைகளுக்கு இப்படி வேலை கொடுப்பது அரசாங்கத்தின் கடமை. வேடிக்கை பார்க்காமல் இருப்பது நம் கடமை.

அடுத்த முறை வாசலில் மகுடி ஊதினால், கூடையைத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஊதியவருக்கு ஒரு வேளைச் சோறு போடுங்கள். கிண்ணத்துப் பாலை உங்கள் பிள்ளைக்குக் கொடுங்கள்.

'நல்ல' பாம்பு என்று பெயர் வைத்தவர்கள் நாம். அதை நல்லபடி நடத்த வேண்டாமா?