முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்

போன வாரம் காலை நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்ததும் ஓர் அழைப்பு. மெர்லிமாவ் பக்கத்திலிருந்து ஓர் அக்கா. "தங்கச்சி, மகளை மலாக்கா டவுன்ல கான்வெண்ட்ல போடலாம்னு பாக்குறோம். அங்க புனிதர் கதையெல்லாம் சொல்வாங்களாமே. அப்புறம் நம்ம சாமிய கும்பிட மாட்டாளோன்னு மாமியார் பயப்படுறாங்க. நீங்க அங்க படிச்சவங்கதானே?"

ஆமாம் அக்கா, படித்தவள்தான். இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்திலிருந்து விடியற்காலையில் பள்ளி வேன் ஏறிப் போனவள் நான். தலை நிறைய தேங்காய் எண்ணெய், நெற்றியில் திருநீறு. பள்ளி வாசலில் மாதா கெபி. அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போக வேண்டும். சபைக்கூடலில் சின்னதாக ஒரு பிரார்த்தனை இருக்கும். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் நடக்கும். எங்களுக்கு வகுப்பில் நன்னெறிக் கல்விதான். என் திருநீற்றை யாரும் அழிக்கச் சொன்னதில்லை.

ஆனால் என் பெயரை அழித்தார்கள். அதைச் செய்தது சாமி இல்லை, சக மாணவிகள். வகுப்பில் எனக்கு 'எஸ்டேட்' என்று பெயர். "எஸ்டேட், இங்க வா." நானும் திரும்பிப் பார்ப்பேன். வருகைப் பதிவில்கூட என் நீண்ட பெயரைப் பாதியில் வெட்டிவிடுவார்கள். அந்தப் பாதிக்கும் "இருக்கிறேன்" என்று சொல்லப் பழகிவிட்டேன்.

2000-ஆம் ஆண்டு, நான் ஆறாம் ஆண்டு. யுபிஎஸ்ஆர் முடிந்து வகுப்பே கலகலப்பாக இருந்த நேரம். அக்டோபர் 1-ஆம் தேதி ரோமில் ஜோசபின் பக்கித்தா புனிதராக அறிவிக்கப்பட்டார். ஓய்வு பெற்ற ஒரு சிஸ்டர் வகுப்புக்கு வந்து அவர் கதையைச் சொன்னார்.

ஆப்பிரிக்காவில், சூடானின் டார்ஃபூர் பகுதியில் பிறந்த சிறுமி. விளையாடும் வயதில் அடிமை வியாபாரிகள் கடத்திப் போனார்கள். அந்த அதிர்ச்சியில் பெற்றோர் வைத்த பெயரே அவளுக்கு மறந்துபோனது. 'பக்கித்தா' என்பது கடத்தியவர்கள் வைத்தது. அரபு மொழியில் 'அதிர்ஷ்டசாலி' என்று பொருள். என்ன கேலி பாருங்கள்! கை மாறி கை மாறி விற்கப்பட்டாள். கடைசியில் இத்தாலிக்கு வந்து, வெனிஸ் நகரில் கன்னொசியன் சகோதரிகளிடம் சிறிது காலம் தங்க வைக்கப்பட்டாள். எஜமானி அழைத்துப் போக வந்தபோது, "வரமாட்டேன்" என்றாள். வழக்கு நீதிமன்றம் போனது. இத்தாலியச் சட்டத்தில் அடிமை முறைக்கு இடமில்லை, அவள் சுதந்திரமானவள் என்று 1889-இல் தீர்ப்பு வந்தது. பிறகு அதே சபையில் சகோதரியாகச் சேர்ந்து, ஷியோ என்ற ஊரில் சமையல் செய்தார், தையல் வேலை செய்தார், வாசல் காத்தார். பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் தலையைத் தொட்டு வாழ்த்தினார். 1947-இல் இறந்தார்.

கதையை முடித்த சிஸ்டர் என்னைப் பார்த்து, "உன் முழுப் பெயர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, மூன்றாவது தடவை சரியாகச் சொன்னார். வகுப்பையும் சொல்ல வைத்தார். மறுநாளே எல்லாம் மாறிவிடவில்லை. ஆனால் 'எஸ்டேட்' என்று யாராவது கூப்பிட்டால் அன்றிலிருந்து நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து பாட்டியிடம் அந்தக் கதையைச் சொன்னேன். ஆயுசு முழுக்கப் பால்மரம் சீவியவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பெரட்டுல எங்களுக்கும் அதே கததான்மா. கிராணிக்கு எங்க நம்பர்தான் தெரியும்" என்றார். மறுநாள் விளக்கு வைக்கும்போது முருகனோடு சேர்த்து, "அந்தப் பொண்ணும் நல்லா இருக்கட்டும்" என்று கும்பிட்டார். மதம் மாறவில்லை அக்கா. கும்பிடும் மனசு இன்னும் கொஞ்சம் பெரிதானது, அவ்வளவுதான்.

நம் மலாக்காவுக்கு இது புதிதும் இல்லை. செயிண்ட் பால் குன்றில் வலது கை இல்லாமல் நிற்கிறாரே புனித பிரான்சிஸ் சவேரியார், அவர் 1545-இல் இங்கே வருவதற்கு முன் முத்துக்குளித்துறையில் நம் மீனவ மக்களோடு இருந்தவர். அவருக்குத் தமிழ் சரியாக வராது. ஆனாலும் செபங்களைத் தமிழில் மொழிபெயர்க்க வைத்து, மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். 1552-இல் சீனக் கரையோரத் தீவில் இறந்த அவரது உடல், கோவாவுக்குப் போகும் முன் 1553-இல் சில மாதங்கள் அதே குன்றில்தான் இருந்தது. அடுத்த முறை அங்கே போனால் செல்ஃபி எடுத்த கையோடு பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள். அடுத்தவர் மொழியைத் தப்பும் தவறுமாகவாவது பேசிப் பார்ப்பதும் ஒரு நல்ல குணம்தானே?

எனக்கு வேறு ஒரு கவலை. இன்று மிஷன் பள்ளிகளில் சிஸ்டர்களைப் பார்ப்பதே அரிது. புனிதர்கள் பெயர்ப்பலகையில் இருக்கிறார்கள், கதை சொல்லத்தான் ஆளில்லை. பெற்றோரும் 'கான்வெண்ட் இங்கிலீஷ்' கிடைத்தால் போதும் என்று இருக்கிறோம். கண்ணப்ப நாயனார் கதையை நம் வீட்டில் கடைசியாக எப்போது சொன்னோம்? சொன்னால்தானே, பக்கித்தாவைக் கேட்டு வரும் பிள்ளை, "நம்ம வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருக்கார்" என்று வகுப்பில் சொல்லும்?

தமிழ்ப்பள்ளியோ கான்வெண்டோ, எங்கே சேர்ப்பது என்பது உங்கள் குடும்ப முடிவு. எங்கே சேர்த்தாலும், மாலையில் வீட்டுக்கு வந்ததும் "எத்தனை மார்க்?" என்று கேட்பதற்கு முன்னால், "இன்னைக்கு யார் கதை கேட்ட? உன்னை எப்படிக் கூப்பிட்டாங்க?" என்று கேளுங்கள்.

அழைப்பை வைக்கும் முன் அந்த அக்காவிடம் மகளின் பெயரைக் கேட்டேன். சொன்னார். நல்ல நீளமான, அழகான தமிழ்ப் பெயர். அதை யாரும் வெட்ட விடாதீர்கள் அக்கா. அவள் பிறந்தநாளுக்கு வானொலியில் வாழ்த்துச் சொல்லும்போது, நான் முழுசாகச் சொல்கிறேன்.