நம்ம தீபாவளி 'சோட்டி திவாலி'யா?

2018 வரைக்கும் தில்லி, நொய்டா பக்கம் குடும்பம் நடத்திய தமிழர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கம்தான். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி போட்டு, லேகியத்தையும் முழுங்கிவிட்டு வெளியே வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார். "இன்னிக்கு சோட்டி திவாலிதானே, நாளைக்குத்தானே திவாலி!" பிள்ளைகள் நம் முகத்தைப் பார்க்கும். நம்முடையது சின்னப் பண்டிகையா?

இந்தச் சங்கடத்துக்காகவே சில வீடுகளில் எண்ணெய்க் குளியலை மறுநாளுக்குத் தள்ளிவிடுவார்கள். லீவும் அன்றைக்குத்தான், ஊரோடு ஒத்துவாழ் என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

கணக்கு ரொம்ப எளிது. நமக்கு தீபாவளி என்றால் நரக சதுர்த்தசி. விடியும்போது சதுர்த்தசி திதி இருக்க வேண்டும். வடக்கே லக்ஷ்மி பூஜைதான் பிரதானம். அதற்கு அந்தி நேரத்தில் அமாவாசை இருக்க வேண்டும். நம்முடையது காலைக் கணக்கு, அவர்களுடையது மாலைக் கணக்கு. திதி நம் கடிகாரத்தைப் பார்த்து மாறாது, பகலோ இரவோ எப்போது வேண்டுமானாலும் மாறும். விடியலில் சதுர்த்தசி இருந்து சாயங்காலத்துக்குள் அமாவாசை வந்துவிட்டால் இரண்டும் ஒரே நாள். அமாவாசை இரவில்தான் ஆரம்பிக்கிறது என்றால் அவர்களுக்கு மறுநாள்.

2013 முதல் 2018 வரை ஆறு வருடமும் நாம் ஒரு நாள் முந்தி. 2018-ல் தமிழ்நாட்டில் நவம்பர் 6, தில்லியில் நவம்பர் 7. அப்புறம் 2019 முதல் 2025 வரை இரண்டும் ஒரே நாளில் வந்தன. அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசமே தெரியாது. மறுபடி தேதி பிரியும்போது கேட்கத்தான் போகிறார்கள்.

சரி, வடக்கே எல்லாரும் ஒரே மாதிரியா? அதுவும் இல்லை. வங்காளிகளுக்கு அமாவாசை இரவு காளி பூஜை. குஜராத்திகளுக்கு அமாவாசை கழிந்த பிரதமையில் புது வருஷம். மராட்டியர்களோ நம்மைப் போலவே சதுர்த்தசி விடியலில் எண்ணெய் தேய்த்து, 'உட்டணே' என்ற வாசனைப் பொடி பூசிக் குளிப்பார்கள். கர்நாடகத்திலும் அந்த விடியல் குளியல் உண்டு. 2024-ல் அக்டோபர் 31, நவம்பர் 1 இரண்டு நாளும் அந்தியில் அமாவாசை இருந்ததால், பூஜை என்றைக்கு என்று வடக்கிலேயே பஞ்சாங்கக்காரர்கள் இரண்டுபட்டார்கள்!

மத்திய அரசின் விடுமுறைச் சுற்றறிக்கையே இதை ஒத்துக்கொள்கிறது. ஒரு மாநில அரசு நரக சதுர்த்தசிக்கு மட்டும்தான் தீபாவளி விடுமுறை விடுகிறது என்றால், அங்குள்ள மத்திய அரசு அலுவலகங்களும் அன்றைக்கே விட்டுக்கொள்ளலாம். சர்க்காருக்கே இரண்டு தேதியும் சரி என்னும்போது நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

அதே சமயம், "இவங்களுக்கு தீபாவளின்னா என்னன்னே தெரியாது" என்று நம் ஆட்கள் சிலர் அலட்டிக்கொள்வதும் அசட்டுத்தனம்தான். அவர்கள் வீட்டில் அன்று மாலை வரிசையாக எரியும் அகல் விளக்குகளைப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

நான் சொல்வது இவ்வளவுதான். தேதி பிரிந்து வரும் வருஷத்தில் லீவு கிடைக்காவிட்டாலும் குளியலைத் தள்ளாதீர்கள். ஒரு மணி நேரம் முன்னால் எழுந்தால் எண்ணெய், சீயக்காய், புதுத்துணி, ஊருக்குப் போன் போட்டு "கங்கா ஸ்நானம் ஆச்சா?" எல்லாம் முடித்துவிட்டு ஆபீசுக்கும் போகலாம். மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து விளக்கேற்றுங்கள். யாராவது 'சோட்டி' என்றால் பிள்ளைக்குப் பதில் தெரிந்திருக்கட்டும்: "எங்களது காலை தீபாவளி அங்கிள், உங்களது சாயங்கால தீபாவளி. நான் ரெண்டுக்கும் வருவேன்."