ஹால் நிறைய ஆட்கள், ஆனாலும் தனிமை: முதியோர் இல்லங்களில் கோலமும் கானாவும் என்ன மாற்றம் தரும்?

வரிசையாக நாற்காலிகள். மூலையில் டிவி ஓடிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் எந்த ஊர், என்ன வேலை பார்த்தவர் என்பதுகூட பலருக்குத் தெரியாது. முதியோர் இல்லங்களுக்குப் போய் வந்தவர்களுக்குப் பழக்கமான காட்சி இது. நேரத்துக்குச் சாப்பாடு வருகிறது, மாத்திரை வருகிறது. பேசத்தான் ஆள் இல்லை.

சேர்ந்து பாடுவது, வரைவது, கோலம் போடுவது போன்ற குழுக் கலைகள் இந்தத் தனிமையைக் குறைக்கும் என்கிறார்கள். நிஜமாகவே குறையுமா? உழைப்பாளிகளின் ஊரான வடசென்னைக்கு இது ஒத்துவருமா?

தனிமை அவ்வளவு ஆபத்தா?

தனியாக இருப்பது வேறு, தனிமையாக உணர்வது வேறு. 40 பேர் இருக்கும் ஹாலிலும் ஒருவர் தனிமையாக உணரலாம். உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுவதாக உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆண்டுக்குச் சுமார் 8,71,000 மரணங்களுக்குத் தனிமையோடு தொடர்பு இருப்பதாகவும் அது கணக்கிட்டுள்ளது. பக்கவாதம், இதய நோய், மனச்சோர்வு ஆகியவற்றின் ஆபத்தையும் தனிமை கூட்டுகிறது.

தமிழ்நாட்டுக்கு இது தள்ளிப்போட முடியாத விஷயம். மத்திய அரசின் மக்கள்தொகை மதிப்பீட்டின்படி 2021-ல் மாநில மக்களில் 13.6% பேர் 60 வயதைக் கடந்தவர்கள். 2031-ல் இது 18.2% ஆகும். பெரிய மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

கஞ்சியில் தொடங்கிய கதை

ஆதரவற்றோரைக் காப்பது வடசென்னைக்குப் புதிதல்ல. 1782-ல், ஹைதர் அலியுடனான போர்க்காலப் பஞ்சத்தில், மணியக்காரர் ஒருவர் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கினார். ராயபுரம் பக்கம் இருக்கும் மணியக்காரர் சத்திரத்தின் தொடக்கம் அதுதான். பின்னாளில் அது ஆதரவற்ற முதியோரின் புகலிடமானது. அங்கிருந்து வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையை 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்பவர்கள் உண்டு. பசியும் நோயும் முதலில் கவனிக்கப்பட்டன. மனசு கடைசி வரிசையில் நின்றுவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-ன் 19-வது பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது என்ற அளவில், குறைந்தது 150 வறிய முதியோர் தங்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. அந்த இல்லங்களுக்கான தரநிலைகளைப் பற்றிச் சொல்லும்போது மருத்துவ வசதியோடு பொழுதுபோக்கு வசதியையும் குறிப்பிடுகிறது.

சிக்கல் இங்கேதான். பொழுதுபோக்கு என்றால் ஒரு டிவி போதும் என்று யாரும் சொல்லிவிடலாம். ஆனால் டிவி முன்னால் முதியவர் வெறும் பார்வையாளர். யாரோ நடத்தும் ஆண்டுவிழாவிலும் அப்படித்தான். அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஆய்வு காட்டியது என்ன?

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் 12 முதியோர் மையங்களில் 390 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வாரந்தோறும், 6 மாதம் சேர்ந்து பாடினார்கள். பாடாமல் காத்திருந்த குழுவோடு ஒப்பிட்டபோது, பாடியவர்களிடம் தனிமை உணர்வு குறைந்தது, வாழ்க்கையில் ஆர்வம் கூடியது. ஆனால் மனச்சோர்வு அறிகுறிகளிலும் உடல்நிலையிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இவர்கள் வீட்டிலிருந்து மையத்துக்கு வந்து போனவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. இல்லத்திலேயே முடங்கியிருப்பவர்களுக்கு அதே அளவு பலன் கிடைக்கும் என்று அப்படியே சொல்லிவிட முடியாது.

ஆக, கலை மருந்து அல்ல. தூக்கமின்மை, சாப்பிட மறுப்பது, 'இருந்து என்ன பயன்' என்ற பேச்சு இருந்தால் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

வடசென்னையில் எப்படிச் செய்யலாம்?

தூரிகையைக் கையில் கொடுத்தால் "எனக்கு இன்னாத்த வரையத் தெரியும்?" என்று ஒதுங்கிவிடுவார்கள். ஆனால் காசிமேட்டில் வலை பின்னிய கைக்கு முடிச்சு மறந்திருக்காது. வலை இழுக்கும்போது பாடும் அம்பா பாட்டு தெரிந்தவர் இருப்பார். மரண வீட்டு கானாவுக்குத் தாளம் போட்டவர் இருப்பார். திருவொற்றியூர், எண்ணூர் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவருக்குத் தன் மெஷினை வரைந்து காட்ட நிறைய இருக்கும். மார்கழிக் கோலம் போட்ட ஆயாவுக்குக் குனிய முடியாவிட்டால் மேஜையில் பலகை வைத்துப் போடலாம்.

அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து தொடங்குவதுதான் முக்கியம். "இந்த முடிச்சு எப்படிப் போடுறது, சொல்லுங்க ஆயா" என்று கேட்கும்போது, அவர் கற்றுக்கொடுப்பவர் ஆகிறார். பக்கத்து நாற்காலிக்காரரும் எட்டிப் பார்க்கிறார். பேச்சு அங்கே தொடங்குகிறது.

இல்லங்கள் கவனிக்க வேண்டியவை

* ஒரு குழுவில் 8 முதல் 10 பேர் போதும். காது மந்தமானவர்கள் பாடுபவரின் முகம் தெரியும்படி உட்கார வேண்டும்.
* வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், முடிந்தவரை ஒரே ஆள் வர வேண்டும்.
* யாரையும் வற்புறுத்தக் கூடாது. சும்மா உட்கார்ந்து பார்க்கவும் இடம் இருக்க வேண்டும்.
* முதியவர்களைக் குழந்தை போல் நடத்தக் கூடாது. அனுமதி இல்லாமல் போட்டோ எடுத்துப் போடக் கூடாது.

செலவு பெரிதல்ல. கோலமாவு, நூல், பேப்பர், ஒரு டோலக் போதும். கிடைக்காதது தொடர்ந்து வரும் ஆள்தான். பிறந்தநாளுக்கு ஒருநாள் பிரியாணி கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வந்தால், அடுத்த வாரத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க அந்த ஹாலில் சிலருக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

முதியோருக்கு உதவி தேவைப்பட்டால் 14567 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.