நன்றி யாருக்கு?

'ரிசர்வேஷன்ல வேலை கெடைச்சிருக்கு, கொஞ்சம் நன்றியோட இருங்க.' வங்கியில் சக ஊழியர் ஒருவர் எனக்குச் சொன்ன புத்திமதி. அரசியல் சட்டம் 16(4)இன்படி வந்த வேலை. எவன் வீட்டுப் பிச்சை?

முதியோர் உதவித்தொகை வாங்க வரும் சேரி ஆயா கவுண்ட்டர் முன் கும்பிடுகிறார்: 'நல்லாருப்பே சாமி.' அவர் பணம். அதை எண்ணிக் கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம். லட்சக்கணக்கில் கடன் வாங்கிப்போகும் பண்ணையார் ஒருநாளும் கும்பிட்டதில்லை.

ஆண்டைகள் நம்மிடம் கேட்பது நன்றியல்ல, விசுவாசம். நாய்க்குச் சொன்ன குணம். தன்மானத்தை விலையாகக் கொடுத்து எவனும் நன்றி காட்ட முடியாது என்ற அயர்லாந்துத் தலைவர் ஓ'கானலின் கருத்தை, 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எடுத்துச் சொன்னார்.

அப்போ நன்றியே வேண்டாமா? வேண்டும். திசைதான் மாறவேண்டும். எங்கள் கிளையைக் கூட்டும் அக்காவிடம் ஒருநாள், 'ரொம்ப நன்றிக்கா' என்றேன். பதறிப்போனார்: 'எதுக்கு சார்? எதாச்சும் தப்பாயிடுச்சா?' அவர் தினமும் துடைத்த மேசையில் உட்கார்ந்து சமத்துவக் கவிதை எழுதியவன் நான். வெட்கமாயிருந்தது.

தோழர்களே, அண்ணாந்து சொல்லும் நன்றியை நிறுத்துவோம். பக்கத்தில் பார்த்துச் சொல்வோம். அந்த அக்காவுக்கு நியாயமான கூலியும் கேட்போம். வெறும் நன்றி உலை கொதிக்க வைக்காது.